எங்கே முடிகிறது இந்த எழுத்து?

தமிழிலக்கியம் கற்பிப்போருக்கும் கணினி நிரலில் வரும் பின்சாய்கோட்டுக்கும் இடையே என்ன வழக்கு என்று கேட்போர் உண்டு. வழக்கு இருக்கிறது. இன்று வெளிவரும் தமிழ் நூல் எதுவும் கணினியைத் தொடாமல் வருவதில்லை. கணினிக்குள் நுழையும் தமிழ் எழுத்து எங்கோ ஓரிடத்தில் தன் வரிவடிவை இழந்து எண்ணாக நிற்கிறது. அந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் ஐயம் எழுமாயின் அது பாட ஐயம். பாட ஐயம் தீர்ப்பது நம் தொழில். ஆகவே இந்த வழக்கில் நாமும் ஒரு தரப்பு.

நம் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுவோம். எழுத்துக்குப் பதிலாக நிற்கும் ஒரு குறி, தான் தொடங்கும் இடத்தைக் காட்டுவது போலவே முடியும் இடத்தையும் காட்டியாக வேண்டும். காட்டாத குறி அரைகுறைக் குறி. அந்தக் குறையைச் செய்தவர் சுமக்காமல் எழுதுபவர் தலையிலும் படிப்பவர் தலையிலும் கட்டுவது முறையாகாது.

கணினி அறியாத வாசகருக்காகச் சிறு விளக்கம். கணினி உள்ளவாறே ஏற்க வேண்டிய தொடரை நிரலில் மேற்கோள்குறிகளுக்குள் அடைத்து எழுதுவார்கள். அதற்குச் சரம் என்று பெயர். சரத்தின் எல்லையே மேற்கோள்குறி எனில், சரத்துக்குள் ஒரு மேற்கோள்குறி வர வேண்டுமானால் என்ன செய்வது? வரி முறிய வேண்டுமானால்? தட்டச்சுப்பலகையில் இல்லாத எழுத்து வேண்டுமானால்? இதற்காக ஏற்பட்டவையே எஸ்கேப் குறிகள். 'அடுத்து வருவதை வழக்கமான பொருளில் கொள்ளாதே' என்று கணினியை எச்சரித்துவிட்டு எழுதுவது. பின்சாய்கோடு கணினி எழுத்துத் தொகுதிக்குள் வந்தது 1960களின் தொடக்கத்தில், பாப் பெமர் என்பவரின் முயற்சியால். அல்கால் மொழியின் தருக்கக் குறிகளை எழுத உதவும் என்பதே அவர் சொன்ன காரணம். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி அதை எஸ்கேப் வேலைக்கு அமர்த்தியது. அதற்கு முந்திய பி மொழியில் அதே வேலையை உடுக்குறி செய்துகொண்டிருந்தது. சி மொழியின் வழியைப் பின்வந்த மொழிகள் பலவும் பற்றிக்கொண்டன.

எழுத்தை வழங்குவது வேறு, எழுத்தைப் பற்றிப் பேசுவது வேறு என்ற இந்த வேறுபாடு தமிழ் மாணவருக்குப் புதிதன்று. எழுத்தின் பெயரைச் சொல்லக் கரம், காரம், கான் என்னும் சாரியைகளைத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. அகரம், ஆகாரம், ஐகான் என்று சொல்லும்போது, இங்கே வந்திருப்பது எழுத்தின் பெயர் என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சாரியை எழுத்துக்குப் பின்னே வருகிறது. வந்து, பெயர் அங்கே முடிந்தது என்று அறிவிக்கிறது. சி மொழியின் பின்சாய்கோடு முன்னே மட்டும் நிற்கிறது. முடிவைச் சொல்ல ஆளில்லை.

ஆளில்லாததால் என்ன நேர்கிறது என்று பார்ப்போம். ஒருங்குறியில் 'க' என்னும் எழுத்து, யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகப் பதிவாகும். சி மொழியில் எண்ம முறையில் அதை \340\256\225 என்று எழுதலாம். எண்மக் குறிக்கு அதிகபட்சம் மூன்று இலக்கம் என்பது விதி. ஆகவே 'க1' என்று வேண்டுமானால் \340\256\2251 என எழுதினாலும் பிழையில்லை. நான்காம் இலக்கமான 1 தனியே நின்றுவிடும். அதே மொழியில் பதினாறடிமான முறையும் உண்டு. பின்சாய்கோடு, எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்து, பிறகு இலக்கங்கள். இந்த முறைக்கு உச்ச வரம்பு இல்லை. இலக்கமாகக் கொள்ளத்தக்கது எதுவரை வருகிறதோ அதுவரை விழுங்கிக்கொண்டே போகும். மூன்றாம் பைட்டின் 95ஐ அடுத்து நமது 1 வந்தால், கணினி அதை 951 என்று படிக்கிறது. ஒரு பைட்டுக்குள் அடங்காத எண் அது. ஒன்று நிரல் நிற்கும், இல்லையேல் எழுத்து சிதையும். பதினாறடிமானத்தில் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களே ஆதலால், 'க' வை அடுத்து உட்பிரிவைக் குறிக்க ஏ, பி என்று எழுதினாலும் கதை இதுதான். ஒரே மொழியில், ஒரே எழுத்துக்கு, இரண்டு முறைகள். ஒன்றுக்கு எல்லை உண்டு, மற்றதற்கு இல்லை.

பெர்ல் மொழியில் இன்னொரு வேடிக்கை. தேடல் வாய்பாட்டில் \10 என்று எழுதினால், அதற்கு முன்னே பத்து அடைப்புகள் திறந்திருந்தால் அது பத்தாம் அடைப்பில் அகப்பட்ட தொடரைக் குறிக்கும். திறந்திராவிட்டால் அது எண்ம எண். 8 என்னும் குறியெண்ணை உடைய எழுத்து. குறியின் பொருளை அறிய, வரியின் தொடக்கத்திலிருந்து அடைப்புகளை எண்ணி வர வேண்டும்.

மொழி மாறினால் குழப்பம் இன்னும் முற்றும். பிரேசில் நாட்டில் 1993இல் பிறந்த லுவா என்னும் நிரல்மொழி தமிழ் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களுக்குப் பின்னாலும் இயங்குகிறது. அதில் பின்சாய்கோட்டை அடுத்து வரும் இலக்கங்கள் பதின்ம எண்கள். \224\174\149 என்று எழுதினால் லுவாவில் அது 'க'. இதே சரத்தைச் சி மொழியில் ஒட்டிப் பாருங்கள். முதல் எண் வேறொரு பைட் ஆகிறது. இரண்டாவது ஒரு செங்குத்துக்கோடு ஆகிறது. மூன்றாவதில் 9 எண்ம இலக்கம் அல்லாததால், 14 வரை பிரிந்து பக்கம் தள்ளும் கட்டளையாகி, மிச்சமிருக்கும் 9 அனாதையாக அச்சாகிறது. கண்ணுக்கு ஒரே வரி. ஓரிடத்தில் தமிழ் உயிர்மெய், மற்றோரிடத்தில் குப்பை.

'விதியெல்லாம் கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, படிக்காதவர் குற்றம்' என்று சொல்லும் நிரலாளர்களுக்கு இதுவே பதில். விதி தெளிவாக இருப்பது வேறு, குறி தெளிவாக இருப்பது வேறு. நூறு மொழிகளுக்கு நூறு கையேடு படித்தால்தான் ஒரு 'க' வைப் படிக்க முடியும் என்றால், அந்தக் குறிமுறை கற்பிக்கத் தக்கதன்று.

எழுத்துக்குக் குறியா, அல்லது இடத்துக்குப் பெயரா என்ற ஐயமும் உண்டு. மைக்ரோசாஃப்டின் டாஸ் இயங்குதளம் 1983இல் அடைவுகளைப் பிரித்துக் காட்டப் பின்சாய்கோட்டையே தேர்ந்தது. சி மொழி ஏற்கெனவே அதை எஸ்கேப் வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. சீ இயக்ககத்தில் 'தமிழ்' என்ற அடைவும் அதற்குள் 'நூல்' என்ற கோப்பும் வைத்து, இரண்டின் பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுதுவோம். பின்சாய்கோட்டை அடுத்துத் தமிழின் டி வரும். அது சரத்துக்குள் தாவல் இடைவெளி ஆகும். அடுத்த பின்சாய்கோட்டை ஒட்டி நூலின் என் வரும். அது வரிமுறிவு ஆகும். தமிழும் தலையிழந்தது, நூலும் தலையிழந்தது. இதைத் தவிர்க்கப் பின்சாய்கோட்டை இரட்டிக்க வேண்டும். தேடல் வாய்பாட்டுக்குள் ஒரே ஒரு பின்சாய்கோட்டைத் தேட, ஜாவா மொழியில் \\\\ என்று நான்கு இட வேண்டும். முதல் வாசிப்பில் நான்கு இரண்டாகிறது, இரண்டாம் வாசிப்பில் இரண்டு ஒன்றாகிறது.

ஜாவாவில் வாசிப்பின் வரிசையே ஓர் ஐயம். அங்கே ஒருங்குறி எஸ்கேப், நிரலின் சொற்கள் பிரிக்கப்படும் முன்னரே எழுத்தாக மாறிவிடும். மேற்கோள்குறியின் எண்ணை அவ்வாறு எழுதினால் அது சரத்துக்குள் அடங்கி நிற்காது, சரத்தையே முடித்துவிடும். வரிமுறிவின் எண்ணை நிரலின் அடிக்குறிப்புக்குள் எழுதினால் குறிப்பு அங்கேயே முறிந்து, மிச்சம் நிரலாகப் படிக்கப்படும். தப்பிக்க வைப்பதற்காக ஏற்பட்ட குறி சிறைக்கதவையே பெயர்த்துக்கொண்டு போகிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கீழ்வேளூர் என்னும் நம் ஊர்ப்பெயர் தமிழ்க் கணக்கில் ஐந்து எழுத்து. ஒருங்குறியில் 10 குறியிடங்கள். யூடிஎஃப்-8 முறையில் 30 பைட்டுகள். எண்ம எஸ்கேப்பாக எழுதினால் 120 தட்டல்கள். ஆங்கிலத்தில் எழுதப்படும் ஊர்ப்பெயருக்கு எஸ்கேப் எதுவும் வேண்டாம். குறியின் குறை யார் மீது கூடுதலாக விழுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. ஆங்கிலம் எழுதுவோருக்கு எஸ்கேப் என்பது எப்போதாவது வரும் விதிவிலக்கு. தமிழ் எழுதுவோருக்கு எழுத்துக்கு எழுத்து வரும் அன்றாடம்.

காவிரிப் படுகையின் பழைய கணக்குச் சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் நெல்லளவுக்கும் நிலத்துக்கும் தனிக்குறிகள் உண்டு. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. ஒரு வேலி நிலத்தில் 20 மா என்பது இன்றும் இங்கே வழங்கும் கணக்கு. இந்தப் பின்னக் குறிகளும், நெல், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், வராகன் முதலியவற்றின் குறிகளும் 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் தமிழ்ப் பிற்சேர்க்கை என்ற தொகுதியாக இடம்பெற்றன. மொத்தம் 51 குறிகள். நற்செய்திதான். ஆனால் இவற்றின் எண்கள் பதினாறடிமானத்தில் ஐந்து இலக்கம். ஜாவாவிலும் ஜேசன் வடிவிலும் பின்சாய்கோட்டு யு ஏற்பது நான்கே இலக்கம்.

நெல்லுக்கான குறியின் எண் 11எஃப்டி5. அதை ஒரு மாணவர் பின்சாய்கோடும் யுவும் இட்டு இயல்பாக எழுதிவிட்டால் கணினி முதல் நான்கு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். 11எஃப்டி என்பது கொரிய எழுத்துத் தொகுதியில் உள்ள பழைய இறுதிமெய் ஒன்றின் எண். ஆக, நெல் இருந்த இடத்தில் ஒரு கொரிய மெய்யும் அதன் பக்கத்தில் ஓர் 5ம் நிற்கும். எச்சரிக்கை வராது, நிரல் நிற்காது. கணக்கில் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் குறி அது என்பதால், அந்த 5 அளவோடு சேர்த்தே படிக்கப்படவும் கூடும். சரியாக எழுத வேண்டுமானால் ஜேசனில் ஒரே குறியை இரண்டு துண்டாக்கி இரண்டு எஸ்கேப்பாக எழுத வேண்டும். பைத்தானில் சிறிய யு நான்கு இலக்கம் கொள்ளும், பெரிய யு எட்டு இலக்கம் கொள்ளும் என்று நினைவில் வைக்க வேண்டும். நெல் விளையும் ஊரில் நெல்லின் குறியை எழுத இத்தனை வித்தை.

'சூழலைக் கொண்டு பொருள் கொள்ளலாமே' என்பார் சிலர். இந்த வாதத்தைத் தமிழ் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. அதற்கு விலையும் கொடுத்திருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நின்றன. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருந்தன. வயலைக் குறிக்கும் 'செறு' என்பதும் வயலில் கிடக்கும் 'சேறு' என்பதும் சுவடியில் ஒரே வடிவம். இரண்டும் ஒரே பாட்டில், ஒரே வயலில், ஒரே நாற்றங்காலில் வரக்கூடிய சொற்கள். சூழல் இங்கே என்ன தீர்ப்புச் சொல்லும்? கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிடும் முன், பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பட்ட பாடு தமிழுலகம் அறியும். அந்தப் பாட்டில் ஒரு பங்கு இத்தகைய எழுத்து மயக்கத்தால் வந்தது.

இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்துக் குறிலையும் நெடிலையும் பிரித்தார் என்பது நாம் வகுப்பில் சொல்லும் பாடம். அவர் 'படிப்பவர் சூழலறிந்து கொள்ளட்டும்' என்று விட்டுவிடவில்லை. மயக்கம் குறியில் இருந்தால் குறியைத் திருத்த வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி. சுவடி படித்த பதிப்பாசிரியருக்காவது யாப்பு தெரியும், நிகண்டு தெரியும், ஐயம் வந்தால் நின்று யோசிப்பார். கணினி நின்று யோசிப்பதில்லை. அது விதிப்படி ஒன்றைத் தேர்ந்துகொண்டு போய்விடும். தேர்ந்தது தவறு என்று யாருக்கும் சொல்லாது.

இலக்கிய நண்பர்கள் சிலர் வேறு திசையிலிருந்து வருவார்கள். பொருள் மயக்கம் அழகல்லவா, காளமேகத்தின் சிலேடையைக் கொண்டாடும் நாம் இங்கே மட்டும் ஏன் கடிந்துகொள்கிறோம் என்பார்கள். சிலேடையில் இரு பொருளும் புலவர் வைத்தவை. கேட்பவர் இரண்டையும் பெற்று மகிழ்கிறார். சிலேடை ஓங்கி நிற்க, அதன் எழுத்துகளில் ஐயம் இருக்கலாகாது. எழுத்தே எதுவென்று தெரியாத இடத்தில் ஒரு பொருளும் மிஞ்சாது, பிறகல்லவா இரண்டு.

இது வெறும் கோட்பாட்டுச் சண்டை என்று எண்ண வேண்டாம். நம் மாணவர்கள் சுற்றுவட்டாரத்துப் பெண்களிடம் கேட்டு எழுதிய நடவுப் பாடல்கள் சில, ஓர் இணையத்தளத்தின் தரவுத்தளத்தில் வைக்கப்பட்டிருந்தன. தளத்தை வேறிடம் மாற்றியபோது எங்கோ ஒரு படியில் பின்சாய்கோடுகள் அனைத்தும் உதிர்ந்துபோயின. பாடல்கள் இருந்த இடத்தில் யு, பூச்சியம், பி, 9, 5 என்று இலக்கங்களின் வரிசை மட்டும் நின்றது. தமிழ் எழுத்துகளை மீட்டுவிட்டோம். எப்படி மீட்டோம் என்பதே இங்கே முக்கியம். ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கம் என்ற எல்லை இருந்ததால் மீட்டோம். வரிமுறிவுகள் அப்படிக் கிடைக்கவில்லை. பின்சாய்கோட்டை இழந்த வரிமுறிவு, என் என்னும் ஒற்றை ஆங்கில எழுத்தாக மிஞ்சும். தமிழ் வரிகளுக்கு நடுவே அதை அடையாளம் காண முடிந்தது. பாடியவரின் பெயரும் ஊரும் ஆங்கில எழுத்தில் குறிக்கப்பட்ட இடங்களில், எந்த என் பெயருக்கு உரியது, எது வரிமுறிவு என்று சொல்ல முடியவில்லை. குறிப்பெழுதிய மாணவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டியதாயிற்று. எல்லை இருந்த குறி பிழைத்தது, இல்லாத குறி அழிந்தது.

நம் வீட்டிலும் குறை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 'கௌரி' என்பதில் வரும் ஔகாரக் குறியையும், ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து எழுதிய 'கெளரி'யையும் கண் வேறுபடுத்தாது. கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். 2005இல் ஒருங்குறியில் ஶகரம் சேர்ந்தபின், ஸ்ரீ என்னும் எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம் என்றாயிற்று. ஸ்ரீவாஞ்சியம் என்று ஒருவர் தேடினால் மற்றவர் பதிந்த ஸ்ரீவாஞ்சியம் கிடைக்காமல் போகலாம். தமிழ் எண் ஒன்றும் (&#3047;) ககரமும் (&#2965;) வடிவில் ஒன்றை ஒன்று ஒத்தவை, எண்ணில் வேறு. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளில் மெய்ப்புள்ளி, அரைப்புள்ளியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இவற்றையெல்லாம் சீர்செய்யாமல் அயலார் மொழிகளை மட்டும் குறைசொல்வது நடுநிலையன்று. ஆயினும் மேலே அடைப்புக்குள் எழுதிய இணையப்பக்கக் குறிகளைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு குறி, முடிவில் ஓர் அரைப்புள்ளி. பின்னால் எந்த இலக்கம் வந்தாலும் மயக்கம் இல்லை. செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று.

உலகமும் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் 2015ஆம் ஆண்டுத் தரத்தில் எண்ணை நெளிவு அடைப்புக்குள் எழுதும் முறையை ஏற்றது. ரஸ்ட் மொழியில் ஒருங்குறி எஸ்கேப்புக்கு அடைப்பு கட்டாயம். சி++ மொழியும் 2023ஆம் ஆண்டுத் தரத்தில் அடைப்பு முறையைச் சேர்த்துக்கொண்டது. பொருளற்ற எஸ்கேப்பைப் பேசாமல் அனுமதித்துவந்த பைத்தான், 2023இல் வந்த 3.12 பதிப்பு முதல் வெளிப்படையாக எச்சரிக்கிறது. பழைய வழியும் உடன் இருப்பதால் பழைய பழக்கமும் இருக்கிறது. பழக்கத்தை மாற்றுவது நம்மைப் போன்றோர் கேட்பதால்தான் நடக்கும்.

ஆகவே கேட்கிறோம். தமிழ்த் தரவைக் கையாளும் நிரலாளர்கள் தமிழை யூடிஎஃப்-8 முறையில் தமிழாகவே எழுதட்டும். எஸ்கேப் தவிர்க்க முடியாத இடத்தில் அடைப்புள்ள குறியையே ஆளட்டும். பைத்தானின் ஜேசன் கருவியும் பிஎச்பியின் கருவியும் கேளாமலே தமிழை எஸ்கேப்பாக மாற்றும் இயல்புடையவை. அதை நிறுத்த ஒரு விருப்பத்தேர்வு போதும். சுவடிகளையும் நாட்டுப்பாடல்களையும் மின்னாக்கம் செய்ய நிதி தரும் அமைப்புகள், பணி முடிந்தது என்று ஒப்பமிடும் முன் எழுத்துப் பதிவு எந்த முறையில் உள்ளது என்று ஒரு வரியாவது கேட்கட்டும். தமிழ் முதுகலைப் பாடத்திட்டத்தில் சுவடிப் பதிப்பியலுக்கு இடம் உண்டெனில், அதன் பக்கத்தில் எழுத்துக் குறியேற்றத்துக்கும் ஒரு தாள் இருக்கட்டும். இரண்டும் ஒரே கலை. முந்திரியும் காணியும் பிசகாமல் கணக்கெழுதிய மண்ணில், நெல்லின் குறி நெல்லாகவே படிக்கப்பட வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.